வேட்டையாடாத துணை

லண்டனில் இருக்கும் என் சிநேகிதி போன தை மாதம் ஒருநாள் இரவு ரெலிபோன் எடுத்தாள். அவளுக்கு ஐம்பதாவது பிறந்தநாள் வருகிறதாம். நாலு பெண்களாகச் சேர்ந்து கனடாவுக்கு வரப்போகிறார்களாம், மூஸ் வேட்டைக்கு. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "ஆம்பிளையள் போகலாமெண்டால் நாங்கள் ஏன் போகேலாது? நீ முந்தி அந்த வேலைதானே செய்தனீ. எங்களுக்கு ஒரு பிளான் போட்டுத் தா" என்றாள்.

நான் அந்த வேலை செய்தது உண்மைதான். வன்கூவரில் ஒரு பயண அலுவலகத்தில் ஒன்பது வருடம் இருந்தேன். ஐரோப்பாவிலிருந்து வேட்டைக்கு வருபவர்களுக்கு ரிக்கற் போடுவது, துப்பாக்கிப் படிவத்தைச் சரிபார்ப்பது, முகாம்காரரோடு தேதி பேசுவது, கொன்ற மிருகத்தின் கொம்பைப் பெட்டியில் அடைத்து ஊருக்கு அனுப்ப ஆள் பிடிப்பது, இதெல்லாம் என் மேசையில் நடந்தது. நான் ஒருநாளும் துப்பாக்கி தொட்டதில்லை. ஆனால் ஒரு மூஸ் வேட்டை எப்படித் தயாரிக்கப்படுகிறது என்று யாராவது கேட்டால், சுட்டவனைவிட எனக்கு அதிகம் தெரியும்.

பிளான் போட்டுத் தருகிறேன் என்று சொன்னேன். போட்டும் கொடுத்தேன். ஆனால் அதை எழுத உட்கார்ந்தபோது ஒவ்வொரு வரியிலும் எனக்குக் கோபம் வந்தது. அவளுக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். உயிர்க்கொலை பாவம் என்று சொல்ல நான் வரவில்லை. என் ஊரில் சைவச் சாப்பாடு என்பது சாதியின் இன்னொரு பெயர். யார் வீட்டுக் குசினியில் என்ன மணக்கிறது என்பதை வைத்து யார் கிணற்றில் யார் தண்ணி அள்ளலாம் என்று தீர்மானித்த சமூகத்திலிருந்து வந்தவள் நான். அந்தச் சுத்தத்தை என் வாயால் பேசமாட்டேன். அதோடு நான் வன்னிக்காரி. சின்ன வயதில் எங்கள் வீட்டில் மரை இறைச்சி சாப்பிட்டிருக்கிறோம். ஆண்கள் நாலைந்து பேர் இரவில் காட்டுக்குப் போவார்கள். விடிய ஒரு மரையோ பன்றியோ வரும். அதற்குப் பிறகு நாலு நாள் வேலை பெண்களுக்கு. வெட்டுவது, பங்கு பிரிப்பது, உப்புப் போட்டு வெயிலில் வத்தல் காயவைப்பது, காகம் கலைப்பது, எந்த வீட்டுக்கு எத்தனை பங்கு என்று நினைவு வைத்திருப்பது. ஆனால் ஊரில் கதை நடக்கும்போது அது "அவன் சுட்ட மரை". அம்மா காயவைத்த மரை என்று ஒருவரும் சொன்னதில்லை.

மூஸ் எங்கள் மரைக்குத் தூரத்துச் சொந்தம். மான் குடும்பத்திலேயே பெரியது. ஆண் மூஸ் ஐந்நூறு கிலோவைத் தாண்டும். அலாஸ்காவிலும் யூக்கோனிலும் இருப்பவை அதைவிடப் பெரியவை. அதன் கொம்பு எங்கள் மரையின் கொம்பு போலக் கிளைக்காமல் விரித்த உள்ளங்கை போல இருக்கும். இந்தக் கொம்புக்காகத்தான் கடல் கடந்து வருகிறார்கள். அலாஸ்காவின் பல பகுதிகளில் எந்த ஆண் மூஸைச் சுடலாம் என்பதற்குக் கொம்பின் அகலம் 50 அங்குலம் என்பதை ஒரு அளவுகோலாக வைத்துச் சட்டமே அங்குலம் பேசுகிறது. 1887ல் தியடோர் ரூஸ்வெல்ட் முதலானவர்கள் தொடங்கிய பூன் அன்ட் குறொக்கெற் கழகம் கொம்புக்குப் புள்ளி போடுகிற முறையையே வைத்திருக்கிறது. அகலம், நீளம், கிளைகளின் எண்ணிக்கை என்று நாடாவால் அளந்து கூட்டிச் சொல்வார்கள். பெண்ணின் உடம்பை அங்குலக் கணக்கில் பேசிப் பழகிய வாய்களுக்கு இது ஒன்றும் சிரமமில்லை.

வேட்டைக்காரர் மனதில் இருக்கும் படம் எல்லாருக்கும் தெரியும். ஒரு மனிதன், ஒரு காடு, ஒரு மிருகம். தனியாக. இந்தத் "தனியாக" என்ற சொல்லுக்குத்தான் காசு கொடுக்கிறார்கள். யூக்கோனில் பத்து நாளுக்கு இருபதாயிரம் அமெரிக்க டொலருக்கு மேல் போகிறது. நியூபவுண்லாந்தில் அதைவிட மலிவு. (அந்தத் தீவில் மூஸ் இயற்கையாக இருந்ததே இல்லை. 1904ல் நியூபிரன்ஸ்விக்கிலிருந்து நாலு மிருகங்களைக் கொண்டுபோய் விட்டார்கள். இன்றைக்கு அங்கே போய்ச் சுடுகிறவர்கள் "ஆதிக் காடு" என்று எழுதுவதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும்.)

ஆனால் சட்டப்படி வெளிநாட்டுக்காரர் தனியாகப் போகவே முடியாது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் பெரிய மிருகம் எதையும் அவர் பொதுவாக உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் வேட்டையாடலாம். அலாஸ்காவிலும் வெளிநாட்டவருக்கு அப்படித்தான். மூஸை எங்கே தேடுவது என்று வழிகாட்டிக்குத் தெரியும். எது சட்டப்படி சுடக்கூடிய கொம்பு என்று அவர் பார்த்துச் சொல்வார். எந்தத் திசையில் காற்று வீசுகிறது என்று அவர் பார்ப்பார். விழுந்த மிருகத்தை உரித்துத் துண்டுபோட்டுச் சுமப்பதும் அவர்தான். சட்டம் இறைச்சியை வீணாக்க விடாது. அலாஸ்காவில் இறைச்சி முழுவதையும் காட்டிலிருந்து வெளியே கொண்டுவந்த பிறகுதான், அல்லது கடைசிச் சுமையோடுதான், கொம்பை எடுக்கலாம். ஒரு ஆண் மூஸில் இருநூறு கிலோவுக்கு மேல் இறைச்சி. அதை ஐம்பத்தெட்டு வயதுத் தொழிலதிபர் முதுகில் சுமப்பார் என்றா நினைக்கிறீர்கள்? பிறகு படம் எடுப்பார்கள். இரத்தத்தைத் துடைத்து, வெளியே தொங்கும் நாக்கை உள்ளே தள்ளி, கொம்பைத் தூக்கி நிறுத்தி. படத்தில் வழிகாட்டி இருக்கமாட்டார். கமராவைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் அவர்தானே.

வழிகாட்டியாவது இருக்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது அவருக்கும் பின்னால் இருப்பவர்களைப் பற்றி.

ஒன்பது வருடத்தில் இந்தப் பயணங்களைப் பற்றி என்னோடு கதைத்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். மனைவி, மகள், செயலாளர். எத்தனை சோடி கம்பளிக் காலுறை, அவருக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது, மாத்திரையைக் கைப்பையில் வைக்கவா, முகாமில் உப்புக் குறைத்துச் சமைப்பார்களா, துப்பாக்கிக்கு எந்தப் பெட்டி, அந்தக் காவல்துறைப் படிவத்தை இங்கேயே கையொப்பம் போடலாமா. போடக்கூடாது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! வெளிநாட்டவர் துப்பாக்கிப் படிவத்தைச் சுங்க அதிகாரியின் முன்னால்தான் ஒப்பமிட வேண்டும். 25 டொலர், 60 நாள் செல்லும். இதெல்லாம் அந்த மனைவிகளுக்கு மனப்பாடம். கணவர் ஒரு தடவை மட்டும் பேசுவார், கொம்பு எவ்வளவு பெரிதாகக் கிடைக்கும் என்று கேட்க.

சில மனைவிகள் கூடவே வருவார்கள். விலைப்பட்டியலில் அவர்களுக்கு ஒரு வரி உண்டு: "வேட்டையாடாத துணை, நாளொன்றுக்கு இவ்வளவு." இந்தச் சொல்லை நான் நூற்றுக்கணக்கான தடவை தட்டச்சு செய்திருக்கிறேன். ஒருநாள் திடீரென்று கண்ணில் பட்டது. ஒரு பெண் என்ன செய்யவில்லை என்பதை வைத்து அவளுக்குப் பெயரும் விலையும்.

ஒரு தடவை அலுவலகத்தில் என்னையும் ஒரு முகாமுக்கு அனுப்பினார்கள், விற்பதைக் கண்ணால் பார்த்துவர. நாலு நாள் இருந்தேன். சமையல்காரி அறுபது வயதுக்கு மேற்பட்ட பெண். விடிய நாலு மணிக்கு அடுப்பு மூட்டுவாள். ஆண்கள் ஐந்தரைக்குச் சாப்பிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அவள் விறகு பிளந்து, தண்ணி கொண்டுவந்து, நனைந்த காலுறைகளை அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைத்து, பாண் சுட்டு, பதின்மூன்று பேருக்கு இரவுச் சாப்பாடு செய்து முடிக்க மணி பத்து. அடுத்த நாளும் நாலு மணி. பருவம் முழுக்க அப்படித்தான். முகாம்காரர் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் தாளில் யாருக்கு எவ்வளவு சந்தோசக் காசு கொடுக்கலாம் என்று இருக்கும். வழிகாட்டி முதலில், குதிரைக்காரன் அடுத்து, சமையல்காரி கடைசியில். நான் பாத்திரம் கழுவ உதவினேன். நீ விருந்தாளி, போய் இரு என்றாள். கழுவிய கை சும்மா இருக்காது என்று என் தமிழை ஆங்கிலமாக்கிச் சொன்னேன். அவளுக்கு விளங்கவில்லை. ஆனாலும் துடைக்கும் துணியைத் தந்தாள்.

வேட்டை எப்படி நடக்கிறது என்று அங்கேதான் கேட்டேன். செப்ரெம்பர் கடைசியும் ஒக்ரோபர் தொடக்கமும் மூஸ் கூடும் காலம். வெளிநாட்டுக்காரர் பெரும்பாலும் அந்த வாரங்களைத்தான் கேட்பார்கள். ஒரு வருடம், சில முகாம்களில் இரண்டு வருடம் முன்கூட்டியே பதிய வேண்டும். அந்தக் காலத்தில் பெண் மூஸ் நீளமாக முனகிக் கூப்பிடும். வழிகாட்டி பேர்ச் மரப் பட்டையைக் குழலாகச் சுருட்டி வாயில் வைத்து அந்தக் குரலைப் போடுவார். ஆண் மூஸ் மைல் கணக்கில் நடந்து வரும். மறைந்திருப்பவன் சுடுவான். அந்த முறையைக் கண்டுபிடித்தவர்கள் இந்த மண்ணின் ஆதிக்குடிகள். பனிக்காலத்துக்குச் சாப்பாடு வேண்டியவர்கள். அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் ஆண்மையை நிரூபிக்க இருபதாயிரம் டொலர் கட்டி வந்தவன், வேறொருவன் பெண்குரலில் கூப்பிட்டு வரவழைத்துக் கொடுத்ததைச் சுட்டுவிட்டு, "நானும் அவனும் நேருக்கு நேர் நின்றோம்" என்று ஊரில் போய்ச் சொல்வான். அந்த வாக்கியத்தை மூன்று மொழிகளில் கேட்டிருக்கிறேன்.

இந்தக் கதைக்கு விஞ்ஞானமும் ஒரு காலத்தில் முட்டுக்கொடுத்தது. 1966ல் சிக்காகோவில் "வேட்டைக்கார மனிதன்" என்ற தலைப்பில் மானிடவியலாளர் ஒரு மாநாடு நடத்தினார்கள். ஆங்கிலத் தலைப்பில் இருந்த "மனிதன்" ஆண்தான். 1968ல் புத்தகமாக வந்தது. ஆணின் வேட்டைதான் மனிதரை மனிதராக்கியது என்ற எண்ணம் அதிலிருந்து பரவியது. வேடிக்கை என்னவென்றால் அந்தத் தொகுப்பின் ஆசிரியர்களில் ஒருவரான ரிச்சர்ட் லீ, கலகாரிப் பாலைவனத்தில் தான் பார்த்த மக்களின் சாப்பாட்டில் பெரும்பங்கு பெண்கள் பொறுக்கிவரும் கொட்டையும் கிழங்கும் என்று அதே புத்தகத்தில் எழுதியிருந்தார். உள்ளே ஒன்று, அட்டையில் ஒன்று. 1975ல் சாலி ஸ்லோக்கம் எழுதிய கட்டுரை இந்த ஆண்பார்வையை நேராகவே கேள்வி கேட்டது. 2020ல் பெரு நாட்டின் மலைப்பகுதியில் 9,000 வருடத்துக்கு முந்தைய புதைகுழி ஒன்றைப் பற்றிய ஆய்வு வந்தது. வேட்டைக் கருவிகளோடு புதைக்கப்பட்டிருந்தவர் ஒரு இளம்பெண்.

சிநேகிதி இந்தப் பெருநாட்டுப் பெண்ணைத்தான் எனக்கு அனுப்பினாள். பாத்தியா, வேட்டை எங்களுக்கும் உரித்துத்தான் என்று. அவளுடைய வாதம் பலமில்லாதது அல்ல. ஆண்கள் மட்டுமே போன இடத்துக்குப் பெண்கள் போவது பெண்ணியம் என்று நாங்களும் எழுதியிருக்கிறோம், மேடையில் பேசியிருக்கிறோம். பெண்களுக்கென்றே இப்போது வேட்டைப் பயணங்கள் விற்கிறார்கள். துப்பாக்கி, சப்பாத்து, உடுப்பு எல்லாம் பெண் அளவில் வருகிறது. "பயத்தை வெல்லுங்கள், உங்களைக் கண்டடையுங்கள்" என்ற மாதிரி விளம்பரம். என் சிநேகிதி பத்தொன்பது வயதில் தனியாகக் கடல் தாண்டியவள். கணவனின் அடியிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு வெளியேறியவள். அவளுக்கு இன்னும் எந்தப் பயத்தை மூஸ் வந்து வெல்லித் தர வேண்டும்?

ஆணுக்குரிய சமமான இடம் வேண்டும் என்று கேட்கும்போது அந்த இடம் எதன் மேல் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்கிற கடமை எங்களுக்கு உண்டு. நாலு பெண்கள் வேட்டைக்காரிகளாகப் போனாலும் நாலு மணிக்கு அடுப்பு மூட்டுபவள் அங்கேதான் இருப்பாள். அவளுக்குச் சந்தோசக் காசு கடைசியில்தான். "வேட்டையாடாத துணை" என்ற வரி ஒழியாது. அதில் ஏற நாங்கள் தப்பித்துவிட்டோம், அவ்வளவுதான்.

மூஸுக்கு இதில் ஒரு சரித்திரமே இருக்கிறது. 1912ல் ரூஸ்வெல்ட் மூன்றாம் கட்சி தொடங்கி அமெரிக்க சனாதிபதித் தேர்தலில் நின்றார். ஆண் மூஸ் போல நான் பலமாக இருக்கிறேன் என்று அவர் சொன்னதால் அதற்கு ஆண் மூஸ் கட்சி என்றே பெயர் வந்தது. அந்தக் கட்சி பெண்களின் வாக்குரிமையை ஆதரித்தது. மாநாட்டில் அவருடைய பெயரை வழிமொழிந்தவர்களில் ஜேன் அடம்ஸும் ஒருவர், நாடறிந்த சமூக சேவகி. பெண்களுக்கு எவ்வளவு பெரிய வெற்றி! அதே மாநாட்டில் தென் மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பினப் பிரதிநிதிகளுக்கு இருக்கை மறுக்கப்பட்டது. அது தன்னை வருத்தியதாக அடம்ஸ் பிறகு எழுதினார். வருத்தப்பட்டும் வழிமொழிந்தார். எங்களைச் சேர்த்துக்கொள்ளும்போது வாசலில் யார் நிறுத்தப்பட்டார்கள் என்று நாங்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் நடந்து உள்ளே போய்விடுகிறோம்.

இப்போது பாதைக்கு வருகிறேன். பிளானில் என்னை நிறுத்தியது அதுதான்.

வடமேற்குப் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் வேட்டைக்கு வருபவர் வன்கூவரிலிருந்து ஸ்மிதர்ஸ் என்ற சின்ன ஊருக்குப் பறந்து, அங்கிருந்து கார் எடுத்து நெடுஞ்சாலை 16ல் மேற்கே போய், கிற்வங்காவில் வடக்கே திரும்புவார். பாதை அழகு. பனிமலை, ஆறு, பேர்ச் மரம் மஞ்சளாகும் காலம். இந்த நெடுஞ்சாலையில் பிரின்ஸ் ஜோர்ஜிலிருந்து பிரின்ஸ் ரூபேட் வரைக்குமான எழுநூறு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட தூரத்துக்குக் கண்ணீரின் நெடுஞ்சாலை என்று பெயர். அதில் போன பெண்கள் காணாமல் போனார்கள், கொல்லப்பட்டார்கள். பெரும்பாலானோர் ஆதிக்குடிப் பெண்கள், பலர் பதின்வயதினர். காவல்துறையின் விசேட விசாரணை 1969 முதல் 2006 வரையான 18 பேரை எடுத்துக்கொண்டது, இந்தச் சாலையையும் வேறு இரண்டு நெடுஞ்சாலைகளையும் சேர்த்து. அந்த எண்ணிக்கை மிகக் குறைவு என்று குடும்பங்கள் சொல்கின்றன. கார் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் வைத்தியரிடம் போக, வேலைக்குப் போக, சிநேகிதி வீட்டுக்குப் போக வழியில் வருகிற வாகனத்தை மறித்து ஏறினார்கள். வேறு வழி இருக்கவில்லை. சாலையோரத்தில் அவர்களுடைய படங்களோடு ஒரு பெரிய பலகை நிற்கிறது. பெண் பிள்ளைகளே, வாகனம் மறித்து ஏறாதீர்கள் என்று எழுதியிருக்கிறது. வாகனம் ஓட்டும் ஆண்களுக்கு அதில் ஒரு சொல்லும் இல்லை.

அந்தப் பலகையை முதல்தரம் பார்த்தபோது எனக்குக் கிளிநொச்சி ஞாபகம் வந்தது. 2017 பெப்ரவரி 20லிருந்து தெருவோரக் கொட்டிலில் பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த தாய்மார். இரண்டும் ஒன்றல்ல, தெரியும். ஆனால் நெடுஞ்சாலையோரம் ஒரு பெண்ணின் படம் நின்றால் அதைக் கடந்து போகும் காரில் நான் எப்படிப்பட்ட ஆளாக உட்கார்ந்திருக்கிறேன் என்ற கேள்வி எனக்கு வந்துவிடுகிறது.

2006ல் பிரின்ஸ் ஜோர்ஜில் குடும்பங்களும் சமூகங்களும் கூடி 33 பரிந்துரைகளை எழுதின. முதலாவது, பஸ் விடுங்கள். விண்வெளிக்கு ஆள் அனுப்பச் சொல்லவில்லை, பஸ். ஊர்களுக்கிடையே அரசாங்கப் பஸ் ஓடத் தொடங்கியது 2017ல். பதினொரு வருடம். அந்தப் பாதையில் ஓடிய கிரேஹவுண்ட் பஸ்ஸும் 2018ல் நின்றுபோனது. இடையில் 2015ல், இந்த நெடுஞ்சாலை பற்றிய கூட்டங்களின் ஆவணங்களை ஒருவர் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டபோது, அமைச்சு ஒன்றின் ஊழியர் மின்னஞ்சல்களை அழித்ததாக மாகாணத்தின் தகவல் ஆணையாளர் எலிசபெத் டென்ஹாம் அறிக்கை வெளியிட்டார். ரெலிபோன் சிக்னல் இல்லாத 252 கிலோமீற்றருக்குக் கோபுரம் போடுகிறோம் என்று அறிவித்தது 2021ல்.

இதை என் சிநேகிதியின் பிளானுக்குப் பக்கத்தில் வையுங்கள். வெளிநாட்டு வேட்டைக்காரர் ஒருவர் காட்டில் வழி தவறக்கூடாது, கரடியிடம் மாட்டக்கூடாது. அதற்காக அரசு சட்டம் போட்டு அவர் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்துகிறது. முகாமில் சற்றலைற் போன் இருக்கிறது. கால் சுளுக்கினால் ஹெலிகொப்ரர் வரும். அதற்கு எந்த எண்ணைக் கூப்பிடுவது என்று நானே தட்டச்சு செய்து லாமினேற் பண்ணிக் கொடுத்திருக்கிறேன். அதே மாகாணம், அதே பாதை, அதே செப்ரெம்பர் மாதம். விற்செற்றிலிருந்து ஸ்மிதர்ஸுக்கு முப்பது கிலோமீற்றர் போகவேண்டிய பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஒரு பலகை. பாதுகாப்பாக ஒருவரைக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது எப்படி என்று இந்த அரசுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். நல்லாகத் தெரியும். நானே அந்த ஏற்பாட்டை ஒன்பது வருடம் விற்றேன். காணாமல் போன, கொல்லப்பட்ட ஆதிக்குடிப் பெண்கள் பற்றிய தேசிய விசாரணை 2019 யூனில் தன் இறுதி அறிக்கையில் இதை இனப்படுகொலை என்று எழுதியது. அந்தச் சொல்லைக் கேட்டுக் கனடாவில் பலருக்குக் கோபம் வந்தது. எங்களுக்கு அந்தச் சொல்லின் பாரம் தெரியும்.

மூஸும் அந்தப் பெண்களும் ஒன்றாகச் சந்தித்த இடமும் இந்தப் பாதைதான். 2011ல் போல் லசேர்ட் என்ற கரியர் இனத்தவர் தன் மகள் ரேவனோடு இந்த நெடுஞ்சாலைப் பக்கம் தங்கள் பாரம்பரிய நிலத்தில் மூஸ் வேட்டைக்குப் போனார். பனிக்காலத்து இறைச்சிக்கு. மகள் தோலை உரித்துக்கொண்டிருக்கும்போது, இந்தப் பாதையில் காணாமல் போனவர்களையும் தன் மகளையும் நினைத்தார். அந்தத் தோலைச் சின்னச் சதுரங்களாக வெட்டி, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் எதிரான வன்முறையைச் செய்யமாட்டேன் என்று ஆண்கள் நெஞ்சில் குத்திக்கொள்ளக் கொடுத்தார்கள். இலட்சக்கணக்கான சதுரங்கள் போயிருக்கின்றன. ஆண்கள் "காப்பாற்றுவது" பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்குச் சந்தேகம் வரும், இதிலும் கொஞ்சம் உண்டு. ஆனால் ஒரு மூஸிலிருந்து இறைச்சியும் தோலும் ஒரு கேள்வியும் எடுத்தவர்கள் அவர்கள். மூஸ் தோலை முடி சுரண்டி, பதப்படுத்தி, புகையில் போட்டு மென்மையாக்குவது இந்த மக்களில் பல இடங்களில் பெண்களின் வேலை, நாட்கணக்கில் போகும் வேலை. என் மேசைக்கு வந்த வாடிக்கையாளர்களில் உடம்புத் தோலைக் கேட்டவர் ஒருவரும் இல்லை. தலையும் கழுத்தும் போதும், சுவரில் தொங்கவிட.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூஸ் எல்லாருக்கும் போதுமான அளவு இருக்கிறது என்று நினைக்காதீர்கள். மாகாணத்தின் வடகிழக்கில் எண்ணெய், எரிவாயு, மரம் வெட்டல் என்று நிலத்தைத் துண்டாடியதால் ஒப்பந்தப்படி தங்களுக்குள்ள வாழ்க்கைமுறை பறிபோனது என்று புளூபெரி ரிவர் மக்கள் வழக்குப் போட்டு 2021ல் வென்றார்கள். அடுத்த வருடம் பீஸ் பகுதியில் உரிமம் பெற்றவர்கள் சுடக்கூடிய மூஸ் எண்ணிக்கையை அரசு பாதியாகக் குறைத்தது. வேட்டைக்காரர் சங்கங்கள் கூச்சல் போட்டன, எங்கள் பொழுதுபோக்கு போய்விட்டது என்று. கியூபெக்கில் அனிஷினாபே மக்கள் 2020 இலையுதிர் காலத்தில் காட்டுப் பாதைகளை மறித்து, ஐந்து வருடத்துக்கு விளையாட்டு வேட்டை வேண்டாம் என்று நின்றார்கள். வேட்டையாடித் தின்னும் சனம்தான் வேட்டையை நிறுத்தச் சொன்னது.

இவ்வளவையும் சிநேகிதிக்கு ரெலிபோனில் கத்திச் சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் என்னைவிடத் துணிச்சல்காரி. ஐம்பது வயதில் தனக்கென்று ஒன்று செய்ய நினைத்ததற்கு நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. ஆனால் அவள் "எங்களுக்கு" என்று சொல்லும்போது அந்த "எங்களுக்கு" நாலு பேருடையதா, பாதையோரத்துப் பெண்ணும் அடுப்படிப் பெண்ணும் அதில் இருக்கிறார்களா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீ எப்பவும் இப்பிடித்தான், சந்தோசமா ஒண்டும் செய்ய விடமாட்டாய்" என்றாள். அதுவும் உண்மைதான்.

பிளானை அனுப்பினேன். விமானம், படிவம், அனுமதி, முகாம் விலை, சந்தோசக் காசு, எல்லாம் ஒழுங்காக. சமையல்காரிக்கு முதலில் கொடுங்கள், வழிகாட்டிக்குச் சமமாகக் கொடுங்கள் என்று எழுதினேன். ஸ்மிதர்ஸில் கார் எடுக்காமல் ஹேசல்ரன் வரைக்கும் அந்தப் பஸ்ஸில் போங்கள், எந்த நாட்களில் ஓடுகிறது எந்த நாட்களில் ஓடாது என்று கீழே போட்டிருக்கிறேன், ஓடாத நாளில் வந்தால் தரிப்பிடத்தில் ஒரு மணித்தியாலம் நின்று பாருங்கள் என்றும் எழுதினேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு வரியில் பதில் போட்டாள். "துவக்கை பஸ்ஸில ஏத்த விடுவினமோ?"

விசாரித்துச் சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறேன்.